எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுப்போம்: வேலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநர்களே,

வணக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த 1992இல் இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஓய்வு பெற்றபோது வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இடையில் 31 வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியை. அதில் பாதிக்கு மேல் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் மீட்டிங் போய்விட்டால் ஐந்துக்கும் ஒரே ஆள். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் இதை வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்லி, அதை நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண். அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் எழுநூறுக்கு எவ்வளவு என்று அந்தப் பெண் வாயாலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் காலை கதை அட்டை ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அட்டையில் "பாட்டி வடை சுட்டாள். காகம் மரத்தில் இருந்தது" என்று இருந்தது. மேலே பெரிய வண்ணப் படம். அவள் எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, கொஞ்சமும் தடுமாறாமல் வாசித்தாள்: "ஆயா வடை சுட்டாங்க. காக்கா மரத்துல கீது."

நம் ஊரில் பாட்டிக்கு ஆயா என்றுதான் பேர். பொருள் சரி, குரலும் சரி. ஆனால் அட்டையில் ஆயா என்ற சொல்லே இல்லை! படத்தைக் கையால் மூடிக்கொண்டு "பாட்டி" என்ற சொல்லை மட்டும் காட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. "பானை?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "பாட்டு?" என்றாள். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை என் முகத்தில் தேடினாள்.

முதல் மூன்று வகுப்பும் அவள் படித்தது என்னிடம்தான். மூன்று வருடமும் அவள் படத்தையும் என் முகத்தையும் வாசித்திருக்கிறாள். பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டு அரை நொடி பின்னால் சொல்லியிருக்கிறாள். பாடங்களை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். அதை நான் வாசிப்பு என்று நம்பி, பதிவேட்டில் நல்ல குறியீடும் போட்டிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாட்டி, கூட்டிச் சொல்லு" என்றேன். "பா... இட்... டி" என்றாள். சேர்த்துச் சொல் என்றதும் "பாயிட்டி" என்றாள். "படம்" என்பதை "ப, ட, இம்" என்று பிரித்து "படயிம்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நான் சொல்லிக்கொடுத்தபடியே அப்பட்டமாகச் செய்கிறாள். புள்ளி வைத்த எழுத்துக்கு நாம் பேர் வைத்திருக்கிறோம்: இக், இங், இச், இட், இம். வாயால் தனியாகச் சொல்ல முன்னால் ஓர் இகரம் வேண்டியிருக்கிறது, அதனால் வைத்த பேர். ஆனால் அது பேர், ஒலி வேறு. இட் என்ற எழுத்தில் இ கிடையாது என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை. சில பிள்ளைகள் தாமாகவே அதைப் பிடித்துவிடுவார்கள். அவர்களைப் புத்திசாலிகள் என்கிறோம். பிடிக்காதவர்களை மக்கு என்கிறோம், அல்லது வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்கிறோம்.

அப்புறம் நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. புள்ளி எழுத்தைத் தனியாக உச்சரிப்பதையே நிறுத்தினேன். அது எப்போதும் இடப்பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். பாட்–டி. இரண்டு தட்டு. ப–டம். இரண்டு தட்டு. பட்–டம், பம்–ப–ரம். கையைத் தட்டி, வாயால் சொல்லி, பிறகு அட்டையைப் பார்த்து. மூன்றாம் நாள் "மட்டம்" என்ற சொல்லை, அதற்கு முன் அட்டையில் பார்த்தே இராத சொல்லை, கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தத் தடவை என் முகத்தில் பதில் தேடவில்லை. சரியா என்று கேட்கவும் இல்லை. சரி என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

எழுத்துக் கூட்டிப் படிப்பது என்றால் நமக்கு ஏனோ ஒரு இளக்காரம். "இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்" என்று சலித்துக்கொள்கிறோம். கூட்டத் தெரிந்த பிள்ளை நாளைக்குச் சரளமாக வாசிக்கும். கூட்டத் தெரியாமல் சரளமாக ஒப்பிக்கிற பிள்ளைதான் ஐந்தாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்தைத் திறந்ததும் நின்றுவிடும். அங்கே படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது.

வெளிநாடுகளில் இதை 'ஸ்ட்ரக்சர்டு லிட்ரசி' என்கிறார்கள். ஒலியையும் எழுத்தையும் சேர்க்கும் வித்தையை ஊகத்துக்கு விடாமல், வெளிப்படையாக, வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொடுப்பது. தெரிந்ததை வைத்தே தெரியாததற்குப் போவது. நான் இதைப் படிப்படியான வாசிப்பு என்றே சொல்கிறேன். 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஐந்து விஷயங்களை முன்வைத்தது: ஒலிகளைக் காதால் பிரித்தறிவது, ஒலியையும் எழுத்தையும் பொருத்துவது, சரளம், சொல்வளம், பொருள் புரிவது. அதற்கு முன்பே, 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்துக் கூட்டும் திறன் பெருக்கல் மொழி புரியும் திறன். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். என் மாணவிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், கதை சொன்னால் கண் விரியும். கூட்டும் திறன் பூஜ்யமாக இருந்தது. அதனால் விடையும் பூஜ்யம்.

ஆங்கிலத்துக்குச் சொன்னதை அப்படியே தமிழுக்குத் தூக்கிப் போட முடியாது. அங்கே 26 எழுத்து. ஆனால் ஓர் எழுத்துக்குப் பல ஒலி. இங்கே எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு பெரும்பாலும் நேரானது. ஆனால் வடிவங்கள் ஏராளம். பெங்களூரில் கன்னடப் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்த சோனாலி நாக் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்துமுறையைப் பிள்ளைகள் முழுதாகப் பிடிக்க நான்காம் வகுப்புவரைகூட ஆகும் என்கிறது. முதல் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் முடித்தாக வேண்டும் என்று நாம் ஓடுகிற ஓட்டம் பிள்ளையின் வேகத்தைப் பார்த்து ஓடுவதில்லை. அட்டவணையைப் பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் நடுவில் கூ என்பதைத் தொட்டுக் காட்டுங்கள். க, கா, கி, கீ என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வரும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது பாட்டு.

247 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். கால் என்ற குறியை ஒரு தடவை புரிந்துகொண்டால் 18 மெய்க்கும் போட்டுவிடலாம். நான் படித்த காலத்தில் ணா, றா, னாவுக்குத் தனி வடிவம், லை, னைக்கு யானைத் துதிக்கை. 1978 சீர்திருத்தத்தில் அதெல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஒழுங்காகாமல் நின்றது உகர, ஊகார வரிசைதான். அதற்கு ஒரே குறி இல்லை. அதை ஒரே நாளில் கு, ஙு, சு, ஞு என்று நடத்தினால் பிள்ளை திணறாமல் என்ன செய்யும்? வடிவம் பார்த்துப் பிரியுங்கள். சு, பு, யு, வு ஒரு கூட்டம், கீழே நேர்க்கோடு இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு கூட்டம், வளைந்து சுற்றும். ணு, து, நு, லு, று, னு மூன்றாவது, கீழே இறங்கி மேலே மடங்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

அடுத்து கொம்பு. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஆனால் கெ என்பதில் முதலில் கண்ணில் படுவது கொம்பு. ஒலியில் அது பின்னால் வருகிறது. கொ என்பதில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. அதனால்தான் "கொடி"யைச் சில பிள்ளைகள் "கெ, ர, டி" என்று வாசிக்கின்றன. காலையும் ர என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்கின்றன. கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல் என்று ஒரு விதியாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் இதெல்லாம் ஒரு விஷயமாகவே தெரிவதில்லை.

எந்த வரிசையில் தொடங்குவது? நான் அ, ஆவில் தொடங்குவதைக் கடைசிக் காலத்தில் விட்டுவிட்டேன். ட, ப, ம என்ற மூன்று எழுத்து, அவற்றின் புள்ளி எழுத்து. கோடு போட எளிது. இந்த ஆறை வைத்தே முதல் வாரத்தில் படம், மடம், பட்டம், மட்டம் நான்கையும் பிள்ளை தானே கூட்டிவிடும். பிறகு அ சேர்த்தால் அப்பம். ர சேர்த்தால் மரம், பம்பரம். கால் சேர்த்தால் பாடம், மாடம், பாப்பா, மாமா. வாசிக்கக் கொடுக்கும் வரிகளில் அதுவரை சொல்லிக்கொடுத்த எழுத்து மட்டுமே இருக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம். சொல்லிக்கொடுக்காத எழுத்து நாலு வந்தால் பிள்ளை மறுபடியும் ஊகத்துக்குப் போய்விடும். இப்படித் துண்டு அட்டைகளை நாமே எழுதிக்கொள்ளலாம். பழைய காலண்டர் அட்டை போதும். மணலிலும் அரிசியிலும் விரலால் எழுத வைப்பது திண்ணைப் பள்ளிக் காலத்து வழக்கம். கண், கை, வாய் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரு சோதனையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2012இலிருந்து, முதல் வகுப்பு முடிகிற பிள்ளைகளிடம் 40 சொல் கொண்ட வாசிப்புச் சோதனை நடத்துகிறார்கள். அதில் பாதி, பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லை ஊகிக்க முடியாது, கூட்டித்தான் ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டு நானும் "டமபு", "மிட்டாரு", "பலிமூ" என்று எழுதிக் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். வகுப்பில் முதல் ரேங்க் என்று நினைத்திருந்த ஒரு பையன் "மிட்டாரு"வை "மிட்டாய்" என்றான். எப்போதும் பின்னால் உட்காருகிற ஒரு பெண் மூன்றையும் சரியாகப் படித்தாள். இரண்டு பேரைப் பற்றியும் நான் வைத்திருந்த எண்ணம் அந்த ஐந்து நிமிடத்தில் மாறியது. வருடத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு இதைச் செய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். கூட்டமாகச் சேர்ந்து வாசிப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

படிப்படியாகப் போவது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1990களில் எம்.பி.விஜயகுமார் இங்கே ஆட்சியராக இருந்தபோது, பீடி வேலையில் அடகு போயிருந்த பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறை, பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து அவரவர் வேகத்தில் படிக்க விடுவது, அங்கே கைகொடுத்தது. அதுதான் பின்னால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் 2007இல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலாகப் போனது. அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிப்படி, அட்டை, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, எல்லாம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏணிப்படி என்ற எண்ணம் முற்றிலும் சரி என்று இன்றும் சொல்வேன். பிள்ளை தன் படியில் நின்று ஏறும். ஆனால் அட்டைக்குக் காது கிடையாது. பிள்ளை "பாயிட்டி" என்று முணுமுணுத்தால் அட்டை திருத்தாது. ஆசிரியர்தான் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. அந்தப் பிரிவைக் காகிதத்தோடு விடாமல், அரும்பில் இருக்கும் பிள்ளை எந்த எழுத்தில், எந்தக் குறியில் நிற்கிறது என்றுவரை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே 2022இல், கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த பிறகு எடுத்த ஏசர் (ASER) என்ற நாடு தழுவிய கல்வி நிலை ஆய்வில், நம் மாநிலக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்பு அளவுக் கதையை வாசித்தார்கள். அந்த ஆய்வைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டிய எண்.

பெருக்கலின் இன்னொரு பக்கமான மொழி புரிவதையும் விடக் கூடாது. குடியாத்தம், காட்பாடி எல்லையோர ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. பேரணாம்பட்டிலும் வேலூர் நகரத்திலும் வீட்டில் உருது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை "பந்து" என்று எழுதியிருப்பதைத் தானாகவே சரியாகச் சொல்லும்; த என்ற எழுத்து தலையில் ஒரு மாதிரியும் பந்தில் ஒரு மாதிரியும் ஒலிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்: தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, ங், ஞ், ண், ந், ம் பின்னால் மெல்லொலி. அட, தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே புத்தகத் தமிழ் பாதி அயல் மொழிதான். வீட்டில் "கீது" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை "இருக்கிறது" என்பதைக் கூட்டும்போது, தனக்குத் தெரிந்த சொல்லைத்தான் வாசிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. "கீது" தப்பு என்று சொல்லாதீர்கள். வீட்டில் கீது, புத்தகத்தில் இருக்கிறது, இரண்டும் ஒன்று என்று சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் நல்ல கதை ஒன்றை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எழுத்து கைவருவதற்குள் புத்தக மொழி காதில் ஏறிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு சில பிள்ளைகள் நிற்பார்கள். வகுப்பில் ஒன்று, இரண்டு. ஆறு மாதம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை என்றால் அடிக்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஒரு குறைபாடாகச் சேர்த்திருக்கிறது. சிறப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோரிடம் பேசும்போது, இது புத்தி சம்பந்தப்பட்டது இல்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அவர்கள் காதில் அதற்குப் பிறகுதான் ஏறும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். காலை உணவு முடிந்து, வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் முதல் நாற்பது நிமிடம். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒருவர், நான்கு ஐந்தை இன்னொருவர். அந்த நேரத்தில் பதிவேடு, செயலி, போன் எதுவும் வேண்டாம். கூட்டத் தெரிந்த பிள்ளைக்குத் துண்டு அட்டை. கூட்டத் தெரியாத பிள்ளை உங்கள் பக்கத்தில்.

ஆசிரியப் பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் மிசிசிப்பி என்ற ஏழை மாநிலம் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013இல் நாட்டில் 49ஆவது இடம், 2019இல் 29ஆவது. அங்கே வாசிக்கத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஃபெயிலாக்கவும் சட்டம் போட்டார்கள். அது நமக்கு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: வாசிப்பு எப்படி வருகிறது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பி வகுப்பிலேயே உடன் இருக்கச் செய்தார்கள். நீங்களும் பள்ளிக்கு வரும்போது பதிவேட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் பாயில் உட்கார்ந்து நான்கு பிள்ளைகள் வாசிப்பதைக் கேளுங்கள். பிறகு அந்த ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடம் நடத்துங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஸ்லைடு காட்டுவதற்குப் பதில், ஒரு பிள்ளை வாசித்ததைப் பதிவு செய்து கொண்டுவந்து, எங்கே தடுக்கிறது என்று எல்லோருமாக உட்கார்ந்து யோசியுங்கள்.

அந்தப் பீடி வீட்டுப் பெண் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது, ரேஷன் கார்டைக் கொண்டுவந்து அதில் இருந்த ஐந்து பேரின் பெயரையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆயாவின் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

ட, ப, மவில் தொடங்கி ஊகார வரிசை வரை துண்டு அட்டைகளை மூன்று செட் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்து எழுதிக்கொள்ள யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் எந்த ஒன்றியத்திலிருந்து கூப்பிட்டாலும் வருகிறேன். பீஞ்சமந்தை மலைப் பள்ளியாக இருந்தாலும் சரி, முந்தின நாள் சொல்லிவிட்டால் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை ஒருத்தி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்